1000-ஆ, 997-ஆ?

"தம்பி, படித் திருவிழாவுக்கு இது தாங்குமா பாரு"ன்னு சவுண்ட் சர்வீஸ் அண்ணன் ஒரு டிஜிட்டல் பெட்டியை நீட்டினார். டிசம்பர் 31 ராத்திரி திருத்தணி மலையில் 365 படிக்கும் பூஜை போட்டு, பஜனை பாடிக்கிட்டே ஏறுவாங்க. அன்னிக்குப் பெட்டி காலை வாரினா அண்ணன் மானம் போயிடும்.

நான் கட்டின சிக்னல் ஜெனரேட்டருக்கு முதல் வேலை! நொடிக்கு 48,000 சாம்பிள். 1000 ஹெர்ட்ஸ் சைன் அலைன்னா ஒரு சுற்றுக்குச் சரியா 48. அந்த 48 எண்ணை எழுதி லூப்பில் விட்டேன். வெளியே வந்ததை லேப்டாப்பில் வாங்கிப் பார்த்தா கிராஃப் சுத்தம். "தாங்கும்ணா"ன்னுட்டேன்.

ராத்திரி படிக்கும்போதுதான் உறைச்சது. ஏஇஎஸ்17 ஸ்டாண்டர்டு கேட்பது 997 ஹெர்ட்ஸ். ஏன் இந்த நொண்டி எண்? 16 பிட் கருவிக்கு 65,536 படி. என் அலை மிதிச்சது மிஞ்சிப்போனா 48. அதையே நொடிக்கு ஆயிரம் தடவை. மலையில் ஏழெட்டுப் படிக்கு மட்டும் திரும்பத் திரும்ப சூடம் ஏத்திட்டு படிபூஜை முடிஞ்சதுன்னா முருகன் ஒத்துக்குவாரா? 997 பகா எண், 48,000-ஐ வகுக்காது. அதனால் அதே வரிசை திரும்ப வர முழுசா ஒரு நொடி ஆகும்.

இப்போ எழுத வேண்டியது 48,000 எண். என் குட்டி போர்டில் அவ்வளவு இடமில்லை (பட்ஜெட் அப்படி). ஒவ்வொரு சாம்பிளையும் அப்பப்போ கணக்குப் போட்டு அனுப்ப புரோகிராமை மாத்தினேன்.

அசடு வழிய பெட்டியைத் திரும்ப வாங்கி 997 விட்டேன். கிராஃபின் அடியில் நேத்து இல்லாத முட்கள்.

அண்ணன் கேட்ட ஒரே கேள்வி: "அப்போ நேத்து எதைப் பார்த்துட்டு தாங்கும்னே?"