பையா, கருவியா, தேனீயா: எதை முதல்ல வாங்கறது?

இந்தக் கட்டுரை ரெண்டு வகை ஆளுங்களுக்கு. ஒண்ணு, ரோப்ளாக்ஸ்ல 'பீ ஸ்வார்ம் சிமுலேட்டர்' ஆடிட்டு, கடை முன்னாடி நின்னு "அடுத்து எதை வாங்கறது"ன்னு முழிக்கிறவங்க. ரெண்டு, அந்த கேமைக் கேள்வியே படாதவங்க. ஆனா கையில கொஞ்சம் காசு வந்ததும் லேப்டாப்புக்கு ரேம் போடறதா, எஸ்எஸ்டி மாத்தறதான்னு மண்டையைப் பிச்சுக்கறவங்க. ரெண்டு பேருக்கும் கணக்கு ஒண்ணுதான். நான் நாகலூர்க்காரன். கேம்ல கத்துக்கிட்ட கணக்கை எங்க பெரியப்பாவோட நிஜத் தேன்பெட்டிகிட்ட கொண்டுபோய்ப் பார்த்த கதையும் இதுல இருக்கு.

முதல்ல கேம். 2018-ல ஒனெட் என்கிற டெவலப்பர் வெளியிட்டது. நீங்க வயலுக்குப் போறீங்க, கையில இருக்கற கருவியால மகரந்தம் அள்ளறீங்க, உங்க தேனீக்களும் கூட அள்ளும். பை நிறைஞ்சதும் கூட்டுக்குத் திரும்பி வந்து நிக்கணும். தேனீக்கள் அந்த மகரந்தத்தைத் தேனாக்கும். அந்தத் தேன்தான் காசு. அதை வெச்சு பெரிய பை, நல்ல கருவி, புதுத் தேனீ வாங்கலாம். (மகரந்தத்துல இருந்து தேன் வராது, பூவோட மதுவுல இருந்துதான் வரும். இதைச் சொன்னா கேம் ஆடறவன் யாரும் கண்டுக்க மாட்டான், ஆனா பெரியப்பா சிரிப்பாரு.)

புதுசா ஆடறவங்க பெரும்பாலும் பையைத்தான் முதல்ல வாங்குவாங்க. காரணம், "பை நிறைஞ்சிடுச்சு" என்கிறதுதான் கண்ணுக்கு முன்னாடி தெரியற தொந்தரவு. அது சரியான்னு பார்க்க ஒரு கணக்கு போடுவோம். எண்கள் நான் எளிமைக்காக வெச்சது, கேம் விலைப்பட்டியல் இல்ல.

ஒரு சுத்துல 1,000 மகரந்தம். அள்ள 4 நிமிஷம், போக வர 1 நிமிஷம், தேனாக்க 5 நிமிஷம். மொத்தம் 10 நிமிஷம். ஒரு மகரந்தத்துக்கு ஒரு தேன்னு வெச்சா, மணிக்கு 6,000 தேன்.

இப்ப கடையில மூணு பொருள் இருக்கு. ஒவ்வொண்ணும் ஒரு விஷயத்தை ரெண்டு மடங்காக்கும்:

பெரிய பை, விலை 2,500. ஒரு சுத்துல 2,000 அள்ளலாம். ஆனா அள்ள 8 நிமிஷம், தேனாக்க 10 நிமிஷம் ஆகும். நடை மட்டும் அதே 1 நிமிஷம். 19 நிமிஷத்துக்கு 2,000. மணிக்கு சுமார் 6,316. கூடுனது வெறும் 316.

நல்ல கருவி, விலை 3,000. அள்ளறது 2 நிமிஷமாகும். சுத்து 8 நிமிஷம். மணிக்கு 7,500. கூடுனது 1,500.

தேனாக்கற வேகத்தை ரெண்டு மடங்காக்கற தேனீக்கள், விலை 8,000. தேனாக்க 2.5 நிமிஷம். சுத்து 7.5 நிமிஷம். மணிக்கு 8,000. கூடுனது 2,000.

விலை குறைவுன்னு பார்த்தா பை. லாபம் அதிகம்னு பார்த்தா தேனீ. ரெண்டையும் விடுங்க. விலையை, மணிக்குக் கூடுற தேனால வகுத்துப் பாருங்க. போட்ட காசு எத்தனை மணி நேரத்துல திரும்பி வரும்னு வந்துடும். பைக்கு கிட்டத்தட்ட 8 மணி. கருவிக்கு 2 மணி. தேனீக்கு 4 மணி. அதனால முதல்ல கருவி.

இதுவரைக்கும் யார் வேணும்னாலும் சொல்லிடுவாங்க. விஷயமே இனிமேதான். கருவி வாங்கின உடனே பழைய கணக்கைத் தூக்கிப் போட்டுட்டு மறுபடி போடணும். இப்ப சுத்து 8 நிமிஷம். இதுல தேனீ வாங்கினா 5.5 நிமிஷமாகுது. மணிக்கு 7,500-ல இருந்து சுமார் 10,900. அதே 8,000 தேன் இப்ப 2.4 மணிக்குள்ளயே திரும்புது. அதையும் வாங்கிட்டு பையைப் பாருங்க: 10 நிமிஷத்துக்கு 2,000, மணிக்கு 12,000. ஆரம்பத்துல 8 மணி காட்டின அதே பை, இப்ப 2.3 மணிதான் காட்டுது. பை மாறல, அதோட விலையும் மாறல. மத்த ரெண்டும் வேகமானதால நடை நேரம் சுத்துல பெரிய பங்காயிடுச்சு. பை அந்த நடையைத்தான் குறைக்கும்.

கம்ப்யூட்டர் ஆர்கிடெக்சர் படிச்சவங்களுக்கு இது 1967-ல ஆம்டால் சொன்னதுதான். மொத்த வேலையில ஒரு பகுதியை எவ்வளவு வேகமாக்கினாலும், மிச்சப் பகுதி உங்களை இழுத்துப் பிடிக்கும். மேல சொன்ன ஆரம்ப நிலையில, கண் இமைக்கறதுக்குள்ள அள்ளற கருவி கிடைச்சாலும் சுத்து 6 நிமிஷத்துக்குக் கீழ வராது. அதாவது 1.67 மடங்குதான் உச்சம். எக்ஸாமுக்கு ஃபார்முலாவா மனப்பாடம் பண்ணது, இங்க வந்தா சட்டுனு புரியும்.

கேம்ல இந்தக் கணக்குக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. 5 தேனீ இருந்தாதான் மூங்கில், ஸ்ட்ராபெர்ரி, சிலந்தி வயல்களுக்குப் போக முடியும். 10-க்கு ஒரு பகுதி, 15-க்கு ஒரு பகுதி. உங்ககிட்ட 4 தேனீ இருந்தா, அஞ்சாவது தேனீயோட மதிப்பு அது அள்ளற மகரந்தம் மட்டும் இல்ல, அது திறக்கற கதவும் சேர்த்துதான். கதவுக்கு ஒரு படி கீழ நிக்கறப்ப வகுத்தல் கணக்கைக் கொஞ்சம் ஓரமா வெச்சிட்டு கதவைத் திறங்க.

இனி எங்க ஊருக்கு வருவோம். ஏற்காடு மலையில நாகலூர் பக்கம் காப்பித் தோட்டம், நிழலுக்கு சில்வர் ஓக், அதுல ஏறின மிளகுக் கொடி. பெரியப்பா தோட்டத்து ஓரத்துல ஆறு தேன்பெட்டி வெச்சிருக்காரு. எல்லாம் அடுக்குத் தேனீ, அதான் நம்ம இந்தியத் தேனீ. மிளகு வித்த காசு கொஞ்சம் மிச்சம் இருந்தப்ப என்னைக் கூப்பிட்டாரு.

"ஏன் கண்ணு, நீதான் போன்லயே தேனீ வளர்க்கறியாமே. இன்னும் மூணு பெட்டி கூட்டத்தோட வாங்கலாமா? இல்ல தேன் எடுக்கற மெஷின் வாங்கலாமா?"

கிண்டலாத்தான் கேட்டாரு. ஆனா அந்தக் காசு ரெண்டாவது தடவை அந்த வருஷம் வராது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் பதில் சொல்லாம ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "பூ இருக்கற நாள்ல உங்க பெட்டியில எது நிக்குது, பெரியப்பா?"

யோசிச்சிட்டு சொன்னாரு. "அடைதான்டா. அறுத்துப் பிழிஞ்சுட்டா அதுங்க மறுபடி மொதல்ல இருந்து கட்டணும்ல. கட்டி முடிக்கறதுக்குள்ள பூ உதிர்ந்துடுது."

இதைப் புரிஞ்சுக்க மலையில பூக்கற கணக்கு தெரியணும். மார்ச், ஏப்ரல்ல ஒரு மழை விழும். அதுக்கு அப்புறம் ஒரு வாரம், பத்து நாள்ல காப்பி மொத்தமா வெள்ளையா விரியும். மூணு நாலு நாள்ல வாடிடும். அதை ஒட்டி சில்வர் ஓக், நாவல்னு சேர்த்தாலும் நல்ல வரத்து சில வாரம்தான். அந்த நேரத்துல தேனீ மெழுகு சுரந்து அடை கட்டிக்கிட்டு இருந்தா, அதுக்கு ஆகற தேனும் நஷ்டம், நாளும் நஷ்டம். ஒரு கிலோ மெழுகுக்கு அதுங்க பல கிலோ தேனைச் சாப்பிடணும்.

மெஷின்னா பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு டிரம், உள்ள சட்டங்களை நிறுத்தி கைப்பிடியால சுத்தறது. மையவிலக்கு விசையில தேன் மட்டும் வெளிய தெறிக்கும், அடை உடையாம சட்டத்துலயே நிக்கும். அதைத் திருப்பிப் பெட்டியில வெச்சா தேனீ நேரா நிரப்ப ஆரம்பிச்சிடும்.

இங்கயும் வரிசை முக்கியம். 1851-ல அமெரிக்காவுல லாங்ஸ்ட்ராத் கழட்டி மாட்டற சட்டம் வெச்ச பெட்டியைக் கொண்டுவந்தாரு. 1857-ல ஜெர்மனியில மேரிங் மெழுகுத்தாள் செஞ்சாரு. 1865-ல ஹ்ருஷ்கா சுத்தற மெஷினைக் காட்டினாரு. சட்டம் இல்லாத பானையையும் மரப்பொந்தையும் வெச்சுக்கிட்டு மெஷின் வாங்கி என்ன பண்றது? நம்ம ஊர்ல 1910-கள்ல பாதிரியார் நியூட்டன் நம்ம சின்னத் தேனீக்கு ஏத்த சின்னப் பெட்டியை வடிவமைச்சாரு. பெரியப்பா வெச்சிருக்கறது அந்த நியூட்டன் பெட்டிதான். அதாவது சட்டம் என்கிற கதவு அவருக்கு ஏற்கெனவே திறந்திருக்கு. அடுத்த அடைப்பு அடை.

மூணு பெட்டி கூட வாங்கினா? புதுக் கூட்டமும் பூ நேரத்துல அடைதான் கட்டிக்கிட்டு இருக்கும். அதோட, நம்ம தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் சுத்துக்குள்ளதான் மேயும். காப்பி பூக்கறப்ப பிரச்சினை இல்ல. மழை மாசங்கள்ல பூ கிடைக்காதப்ப ஒன்பது பெட்டிக்கும் சர்க்கரைப் பாகு வெக்கணும். கேம்ல வாங்கின தேனீக்கு மாசச் செலவு கிடையாது. இங்க உண்டு.

இன்னொரு வித்தியாசம்தான் எனக்குப் பெருசாப் பட்டது. கேம்ல வாங்கினது உங்களை விட்டுப் போகாது. நிஜத்துல கூட்டத்துக்குத் தீனி குறைஞ்சாலோ, எறும்பு ஏறினாலோ, பெட்டியைக் காலி பண்ணிட்டுப் போயிடும். 1990-களோட ஆரம்பத்துல தாய் சாக்புரூட் வைரஸ் வந்து தென்னிந்தியாவுல வளர்ப்புத் தேனீக் கூட்டங்கள்ல பெரும்பகுதி அழிஞ்சது. தேனீ வளர்ப்புக்குப் பேர் போன மார்த்தாண்டம் பக்கமும் தப்பல. அதனால 'எத்தனை நாள்ல காசு திரும்பும்'னு பார்க்கறதோட, 'அதுவரைக்கும் இந்தப் பொருள் நம்மகிட்ட இருக்குமா'ன்னும் பார்க்கணும். கூட்டம் பறந்து போகலாம். டிரம் பறந்து போகாது.

கடைசியில மெஷின்தான். ஆனா முழு விலை கொடுத்து இல்ல. வருஷத்துல சில நாள் மட்டும் சுத்தற டிரம்முக்கு ஒரு வீடு எதுக்கு முழுக் காசையும் போடணும்? பெட்டி வெச்சிருக்கற பக்கத்து ரெண்டு வீட்டையும் பெரியப்பாவே பேசி சேர்த்துக்கிட்டாரு. மூணா வகுத்ததும் காசு திரும்பற காலமும் மூணுல ஒண்ணாச்சு. இது என் கணக்குல இல்லாத வழி. கேம்ல ஆளுக்கு ஒரு கருவி, இரவல் வாங்க முடியாது. அதனால எனக்கு அது தோணவே இல்ல. மிச்சக் காசுல கொஞ்சம் மெழுகுத்தாள் வாங்கிட்டு, மீதியை மழைக்காலச் சர்க்கரைக்குன்னு எடுத்து வெச்சாரு.

"உன் கேம்ல பக்கத்து வீட்டுக்காரன் கிடையாதாடா?"ன்னு கேட்டாரு. இருக்காங்க பெரியப்பா, ஆனா அவங்க மெஷினைத் தர மாட்டாங்கன்னேன்.

அந்த வருஷம் பூ முடிஞ்சப்ப அடைகள் முழுசா இருந்துச்சு. அடுத்த மழைக்குக் கட்டின வீடோட தயாரா நிக்கற தேனீ, புதுசா அஸ்திவாரம் தோண்டற தேனீயை விட முன்னாடி ஓடும். ஆனா மழை எப்ப விழும், பூ விரிஞ்ச அன்னைக்கே அடிச்சு ஊத்துமா என்கிறதுக்கு எந்தக் கடையிலயும் அப்கிரேட் விக்கல.

உங்களுக்கு நான் சொல்றது இவ்வளவுதான். அடுத்த தடவை கேம்ல கடைக்குப் போறதுக்கு முன்னாடி போன்ல ஸ்டாப்வாட்ச் போட்டு ஒரே ஒரு சுத்து அளந்து பாருங்க. அள்ள எவ்வளவு, நடக்க எவ்வளவு, நிக்க எவ்வளவு? எது நீளமோ அங்க இருந்து விலையை வகுக்க ஆரம்பிங்க. ஒண்ணு வாங்கினதும் மறுபடி அளங்க. லேப்டாப்பா இருந்தா டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அது திணறற நேரத்துல ரேம் நிறையுதா, டிஸ்க் நூறுல நிக்குதான்னு பாருங்க. அதுக்கும் மேல, வருஷத்துல நாலு நாள் மட்டும் தேவைப்படற பொருளா இருந்தா, வாங்கறதுக்கு முன்னாடி பக்கத்து ரூம் கதவைத் தட்டிப் பாருங்க.