கொளத்தூர் தொட்டிகளும் மார்கழிக் குளிரும்

சென்னையின் வடமேற்கே, வில்லிவாக்கத்துக்கும் ரெட்டேரிக்கும் பக்கத்தில் இருக்கிறது கொளத்தூர். தமிழ்நாட்டில் வண்ணமீன் வளர்ப்பவர்களுக்கு இந்தப் பெயரைச் சொன்னாலே போதும். கண்ணாடித் தொட்டி, வலை, ஏர் பம்ப், தீவன டப்பா, உயிர்ப்புழு என எல்லாமே இங்குள்ள கடைகளில் கிடைக்கும். திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் சிமென்ட் தொட்டியில் வளர்ந்த கப்பி, மோலி, ஃபைட்டர், தங்கமீன்கள் இங்கே வந்து சேர்கின்றன. ஆக்சிஜன் நிரப்பிய பாலிதீன் பைகளில் கட்டி, தெர்மாகோல் பெட்டிகளில் அடுக்கி, வெளி மாநிலங்களுக்கும் அனுப்புகிறார்கள்.

நன்னீர் மீன்களுக்கு நடுவே சில கடைகளில் கடல் மீன் தொட்டிகளும் உண்டு. கடற்கரை இங்கிருந்து பத்து கிலோமீட்டர் தூரத்துக்குள்தான். ஆனாலும் அந்தத் தொட்டிக்குள் கடலைக் கொண்டுவருவது சுலபமல்ல. ஆரஞ்சும் வெள்ளையுமாக நீந்தும் கோமாளி மீன்தான் இங்கே எல்லோரும் முதலில் கேட்பது. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம், இந்த மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. அதனால் சிறு பண்ணையாளர்களுக்கும் இதில் ஆசை வந்திருக்கிறது. ஆசையோடு வருபவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று: ‘சென்னை வெயிலில் மீனுக்கு எதற்கு ஹீட்டர்?’

இரவுதான் எதிரி

மார்கழி, தை மாதங்களில் சென்னையின் இரவு வெப்பநிலை 20, 21 டிகிரி வரை இறங்கும். மாடியில் ஷீட் கொட்டகைக்குள் இருக்கும் தொட்டியில் பகலில் 27 டிகிரி இருக்கும் தண்ணீர், விடியும்போது 23-க்கு வந்துவிடும். கடல் பெரியது. ஒரு நாளில் அதன் சூடு இப்படி ஏறி இறங்காது. பவளப்பாறை மீன்களின் உடம்பும் அந்த நிதானத்துக்குத்தான் பழகியது. தினமும் நாலு டிகிரி ஏறி இறங்கினால் மீன் தீவனம் எடுக்காது. சோர்ந்த மீனை வெள்ளைப்புள்ளி நோய் எளிதில் பிடிக்கும்.

குஞ்சு பொரிக்க நினைப்பவருக்கு நஷ்டம் இன்னும் அதிகம். கோமாளி மீன் முட்டை 27, 28 டிகிரியில் சுமார் ஏழெட்டு நாளில் பொரியும். குளிர்ந்தால் தள்ளிப்போகும். ஒரு ஜோடி முட்டையிடும் பருவத்துக்கு வர ஏறக்குறைய ஓராண்டு, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அந்த ஓராண்டு உழைப்பு ஒரு ஹீட்டரை நம்பி இருக்கிறது.

எத்தனை வாட்?

கணக்கு எளிது. 100 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி சூடாக்க, 100 வாட் ஹீட்டர் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் ஓட வேண்டும். சமவெளியில் அறைச் சூட்டைவிட ஐந்தாறு டிகிரி கூட்டினால் போதும் என்பதால், லிட்டருக்கு ஒரு வாட் தாராளம். ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களுக்கு இந்தக் கணக்கு போதாது.

‘பெரிதாக வாங்கினால் சீக்கிரம் சூடாகுமே’ என்று நினைப்பதுதான் ஆபத்து. 100 லிட்டர் தொட்டியில் 300 வாட் ஹீட்டர் போட்டு, அது ராத்திரியில் நிற்காமல் ஓடினால், விடிவதற்குள் தண்ணீர் 35 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும். மீன் பிழைக்காது. அதனால் ஒரு பெரிய ஹீட்டருக்குப் பதில் இரண்டு சிறியவை நல்லது. 200 லிட்டருக்கு 100 வாட்டில் இரண்டு. ஒன்று நிற்காமல் ஓடினாலும் தண்ணீர் கொதிக்காது. ஒன்று செத்துப்போனாலும் மற்றது கொஞ்சம் தாங்கும்.

எந்த வகை?

கண்ணாடிக் குழல் ஹீட்டர் விலை குறைவு. உப்புத் தண்ணீர் கண்ணாடியை அரிக்காது. ஆனால் சூடாக இருக்கும்போது தண்ணீரைவிட்டு வெளியே எடுத்தால் விரிசல் விடும். தண்ணீர் மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஹீட்டர் நன்னீருக்குச் சரி. கடல் தண்ணீரில் நாளடைவில் துருப்பிடிக்கும். டைட்டானியம் உடையாது, அரிக்காது. விலை அதிகம். அவற்றில் பலவற்றுக்குத் தனி கன்ட்ரோலர் கட்டாயம் தேவை.

கெடுவது எது?

ஹீட்டரில் கெடுவது பெரும்பாலும் சூடாகும் கம்பி இல்லை. உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட். அது ஒவ்வொரு முறை ஆன், ஆஃப் ஆகும்போதும் தொடுமுனையில் சின்னப் பொறி விழும். ஆயிரக்கணக்கான முறை பொறி விழுந்த பிறகு, ஒருநாள் இரண்டு முனையும் ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு ஹீட்டர் நிற்காது.

இதற்குத்தான் வெளியே தனி டிஜிட்டல் கன்ட்ரோலர். நாட்டுக்கோழி இன்குபேட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. அதில் இருப்பது போன்ற கன்ட்ரோலரையே இங்கேயும் பயன்படுத்தலாம். சென்சார் முனை மட்டும் தண்ணீர் புகாதபடி முழுக்க மூடியதாக இருக்க வேண்டும். வெறும் உலோக முனை என்றால் உப்பு தின்றுவிடும்.

செட் செய்யும் முறையில்தான் பாதுகாப்பே இருக்கிறது. கன்ட்ரோலரை 27-ல் வைத்தால், ஹீட்டரின் சொந்தத் திருகை 28 அல்லது 29-ல் வைக்க வேண்டும். தினசரி ஆன், ஆஃப் வேலையைக் கன்ட்ரோலர் பார்க்கும். அதன் ரிலே ஒட்டிக்கொண்டால், ஹீட்டரின் தெர்மோஸ்டாட் இரண்டாவது காவலாக நிறுத்தும். இரண்டும் ஒரே நாளில் கெடுவது அபூர்வம்.

சென்சார் தண்ணீரை விட்டு வெளியே விழுந்தாலும் இதே ஆபத்துதான். அறைக் குளிரைத் தண்ணீரின் குளிர் என்று நினைத்து, கன்ட்ரோலர் ஹீட்டரை ஓட்டிக்கொண்டே இருக்கும். அதனால் சென்சாரை உறிஞ்சு கப் ஒன்றை மட்டும் நம்பி விடாமல், ஒயரை வெளியேயும் கட்டிவைக்க வேண்டும். ஹீட்டருக்கு ஒட்டி வைக்கக் கூடாது. தண்ணீர் ஓடும் இடத்தில், ஹீட்டரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

வாங்கிய அன்றே சோதனை

ஒரு டம்ளரில் நொறுக்கிய ஐஸைப் போட்டு, நல்ல தண்ணீர் கொஞ்சம் ஊற்றிக் கலக்கிச் சென்சாரை வைத்தால், 0 டிகிரி காட்ட வேண்டும். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரோடு வெதுவெதுப்பான தண்ணீரிலும் ஒப்பிடலாம். ஒரு டிகிரி வித்தியாசம் என்றால், பல கன்ட்ரோலர்களில் அதைத் திருத்தும் வசதி இருக்கிறது. அதன் பிறகு, மீன் விடும் முன், பக்கெட் தண்ணீரில் ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்ப்பது நல்லது. எதுவானாலும் தொட்டியில் தனியாக ஒரு தெர்மாமீட்டர் இருக்க வேண்டும். காலையில் தீவனம் போடும் கை அதையும் பார்க்க வேண்டும்.

மனித உயிரும் முக்கியம்

உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தொட்டி இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். எம்.சி.பி. மட்டும் ஷாக்கிலிருந்து காப்பாற்றாது. எர்த் சரியாக இருக்க வேண்டும். பிளக் தொட்டியைவிட உயரத்தில் இருக்கட்டும். முடியாவிட்டால், ஒயர் பிளக்குக்குக் கீழே வளைந்து தொங்கி மேலே ஏறட்டும். சொட்டும் தண்ணீர் அந்த வளைவிலேயே விழுந்துவிடும். தொட்டிக்குள் கைவிடும் முன் சுவிட்சை அணைப்பது, பிள்ளைகள் உள்ள வீட்டில் கண்டிப்பான வழக்கமாக வேண்டும்.

கரன்ட் போகும் இரவுகளுக்கு, இன்வெர்ட்டரை முதலில் ஏர் பம்புக்குக் கொடுக்க வேண்டும். சூடு மெதுவாகத்தான் இறங்கும். காற்று நின்றால் மீன் அதற்கு முன்பே திணறும். தொட்டியின் மூன்று பக்கமும் தெர்மாகோல் ஒட்டினால் சூடு நிற்கும், மின்கட்டணமும் குறையும்.

சித்திரை வந்தால் கொளத்தூரில் கவலை தலைகீழாக மாறும். தண்ணீர் 30-ஐத் தாண்டும்போது ஹீட்டரைக் கழற்றிவைத்து, ஃபேனோ சில்லரோ வேண்டும். ஃபேன் போட்டால் தண்ணீர் ஆவியாகும், உப்பு தண்ணீரிலேயே நிற்கும். அப்போது ஊற்ற வேண்டியது கடல் தண்ணீர் அல்ல, நல்ல தண்ணீர். ஹீட்டிங், கூலிங் இரண்டுக்கும் இணைப்பு உள்ள கன்ட்ரோலரை மார்கழியிலேயே வாங்கியவருக்குச் சித்திரையில் இன்னொன்று வாங்கும் செலவு இல்லை.