டாக்கின் அடியில் எத்தனை அடி?

இந்த முறை ரியல் எஸ்டேட் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போவதில்லை. ஜார்ஜியாவின் லேனியர் ஏரிக்கரையில் வீடு விற்றது போதும். விலகுகிற நேரத்தில் ஒரு தம்பி கேட்டார்: "டாக் இருக்கா இல்லையான்னு ஆப்லயே தெரியுதே அங்கிள், இதுக்கு எதுக்கு ஏஜென்ட்?" மனசு ஆறவில்லை.

டாக், அதாவது படகு கட்டும் மிதவைத் துறை, ஆப்பில் தெரியும். பர்மிட் தெரியாது. வீட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே இருக்கிற நிலம் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படைக்குச் சொந்தம். டாக்குக்கு அவர்கள் தரும் ஐந்தாண்டு பர்மிட் வீட்டோடு கைமாறாது. வாங்குகிறவர் தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். மொத்த ஏரிக்கும் 10,615 டாக்குகள்தான் என்று 2004 திட்டத்திலேயே வரம்பு கட்டிவிட்டார்கள். கரை வரைபடத்தில் பச்சையில் வராத மனைக்குப் புது டாக் கிடையாது. அசோசியேஷன் டாக்கில் ஸ்லிப் (ஒரு படகுக்கான இடம்) என்றால், அது வீட்டோடு சேர்ந்ததா, காத்திருக்க வேண்டியதா என்று விதிகளைப் படியுங்கள். டாக்கே இல்லையென்றால் மரீனா வாடகை, டிரெய்லர் எல்லாம் தெரிந்த கதை.

ஆழத்தைத்தான் யாரும் கேட்பதில்லை. எனக்கு அதைக் கற்றுத்தந்தவர் கெயின்ஸ்வில் பக்கத்தில் டாக் கட்டிய ஒரு கிழவர். அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு, நுனியில் ஈயக்குண்டு, குண்டின் அடியில் கிரீஸ். ஜனவரி மழையில் டாக்கின் நான்கு மூலையிலும் அந்தக் கயிற்றை என்னை இறக்கிப் பார்க்க வைப்பார். குண்டில் மணல் ஒட்டி வந்தால் பேசமாட்டார். குழைந்த செம்மண் வந்தால் முகம் மாறும்: ஓடை வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகிறது, ஆழம் வருஷா வருஷம் குறையும்.

அப்புறம் கணக்கு. ஏரி நிறைந்தால் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 1,071 அடி. இன்று 1,068-இல் நிற்கிறது, கயிறு 12 அடி காட்டுகிறது என்றால் தரை 1,056. 2007 டிசம்பரில் ஏரி 1,051-க்கும் கீழே போனது. அன்று அந்த டாக் ஐந்தடி மேட்டில், சேற்றில் கிடந்திருக்கும். மிதக்கும் டாக்தானே, தண்ணீரோடு நகர்த்திக்கொள்ளலாம் என்பார்கள். குறுகிய கோவ் (ஏரியின் கிளை) ஒன்றின் நுனியில் எங்கே நகர்த்துவது?

இந்த ஆழத்தை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். இன்றைய பிள்ளைகள் மே மாதத்தில் டிரோனைப் பறக்கவிட்டு, நீலமாக ஒரு படம் எடுத்து, "ஆழமான தண்ணீர்" என்று எழுதிவிடுகிறார்கள். கையில் சோனார் இருக்கிறது, அதைக்கூட இறக்குவதில்லை. வாங்குகிறவர் முப்பது வருஷக் கடனில் கையெழுத்துப் போடுகிறார். படுக்கையறை எத்தனை, குளியலறை எத்தனை என்று எழுதுகிற விளம்பரத்தில், டாக்கின் அடியில் தரை எத்தனை அடி உயரத்தில் என்று இன்னொரு எண் சேர்க்க என்ன தடை? நான் விற்ற ஒவ்வொரு வீட்டுக்கும் அதை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.