ஓக்காவா பள்ளி முற்றத்திலே

ஜப்பான் நாட்டில் தொடக்கப்பள்ளிக்குச் செல்லும் பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால், அந்த வீட்டுச் சமையலறைச் சுவரில் பெரும்பாலும் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கும். அதற்கு ‘கக்கோ தயோரி’ என்று பெயர். பள்ளி வீட்டுக்கு எழுதும் மடல் என்று தமிழில் கூறலாம். சென்ற மாதம் பள்ளியில் நடந்தவை எவை, வரும் மாதம் நடக்க இருப்பவை எவை என்று பெற்றோருக்கு அறிவிக்கும் மடல் அது. மதிய உணவுப் பட்டியல் தனியே மற்றொரு தாளில் வரும். எந்த நாளில் சோறு, எந்த நாளில் ரொட்டி, எந்த நாளில் மீன் என்பதைத் தாய்மார் அதைப் பார்த்தே அறிவர்.

அந்நாட்டில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. புதிதாய்ச் சேர்ந்த பிள்ளைகளை வரவேற்கும் விழா முதல் மடலில் இடம்பெறும். பின்னர், பெற்றோர் வகுப்பறைக்கு வந்து பாடம் நடப்பதை நேரில் காணும் நாள் வரும். வசந்தத்திலோ இலையுதிர் காலத்திலோ விளையாட்டு விழா. அன்று பாட்டனும் பாட்டியும்கூடக் கட்டுச்சோற்றுடன் வந்து மைதானத்து ஓரத்தில் அமர்வதுண்டு. செப்டம்பர் முதல் நாளை ஒட்டிப் பேரிடர்ப் பயிற்சி. 1923-ஆம் ஆண்டு அதே நாளில் தோக்கியோவை அழித்த நிலநடுக்கத்தின் நினைவாக அந்நாள் குறிக்கப்பட்டுள்ளது. மார்ச்சில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விடை கொடுக்கும் விழா. ஆண்டு முழுவதும் குடும்பமும் பள்ளியும் இவ்வாறு ஒரே நாட்காட்டியைப் பார்த்து நடக்கின்றன.

இத்தகைய மடல்கள் மாதந்தோறும் சென்றுகொண்டிருந்த ஒரு பள்ளியைக் காணவே நாம் வடக்கு நோக்கிப் புறப்பட்டோம். இன்று அங்கே பிள்ளைகள் இல்லை. மணி அடிப்பதும் இல்லை. ஆயினும் பிள்ளைகளைப் பெற்ற ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய பள்ளி அது என்று கேள்வியுற்றிருந்தோம்.

ஆற்றங்கரை வழியே

தோக்கியோவிலிருந்து செண்டாய் நகருக்கு விரைவு இரயிலில் ஒன்றரை மணி நேரப் பயணம். அங்கிருந்து இஷினோமாக்கி என்னும் துறைமுக நகருக்கு வேறொரு இரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதற்கு அப்பால் பள்ளிவரை இரயில் இல்லை. மோட்டார் வண்டி அமர்த்திக்கொண்டு கித்தகாமி ஆற்றின் கரையோரமாகச் சென்றோம்.

அகன்ற அந்த ஆறு ஓசையின்றி ஓடுகிறது. கரை நெடுக நாணற்காடு. காற்று வீசும்போது அந்த நாணல் முழுவதும் ஒருசேரச் சாய்ந்து எழுந்து, மெல்லிய இரைச்சலை எழுப்புகிறது. குளிர்காலத்தில் இதனை அறுத்துக் கூரை வேய்வார்களாம். நம் ஊர்க் கீற்றுக் கூரைகளை நினைத்துக்கொண்டோம். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் மரமடர்ந்த குன்றுகள். கடல் எங்கே என்று கேட்டால் நான்கு கல் தொலைவு இருக்கும் என்று சொல்லத் தோன்றும். கண்ணுக்கு அது தென்படவே இல்லை. உண்மையில் பள்ளிக்கும் ஆற்றின் முகத்துவாரத்திற்கும் இடையே நான்கு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரமே உள்ளது.

ஓக்காவா தொடக்கப்பள்ளி கமாயா என்னும் சிற்றூரில் இருந்தது. வீடுகளும் கடைகளும் நெருங்கிய ஊர் அது. இன்று ஊர் இல்லை. வெறும் புல்வெளிதான் உள்ளது. அதன் நடுவே செங்கல் நிறத்தில், அரைவட்டமாய் வளைந்த இரண்டடுக்குக் கட்டடம் ஒன்று மட்டும் நிற்கிறது. சுவர்கள் பெயர்ந்துள்ளன. கட்டடங்களை இணைத்த காங்கிரீட் நடைபாலம் கயிறுபோல் முறுக்கப்பட்டுத் தரையில் கிடக்கிறது. மேல்மாடி வகுப்பறையின் உட்கூரைவரை தண்ணீர் ஏறிய அடையாளம் தெரிகிறது. நடந்ததை அறியாதவனும் அங்கே நின்றால் குரல் தாழ்த்தியே பேசுவான்.

அந்த ஐம்பது நிமிடங்கள்

2011-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள், வெள்ளிக்கிழமை. பகல் 2 மணி 46 நிமிடம். பாடங்கள் முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பும் வேளை. நிலம் நடுங்கியது. பயிற்சியில் கற்றபடி பிள்ளைகள் மேசைக்கடியில் பதுங்கினர். நடுக்கம் ஓய்ந்ததும் வரிசையாக முற்றத்திற்கு வந்தனர். அதுவரை ஒரு குறையும் இல்லை. ஒருவருக்கும் காயமில்லை.

அதன்பின் ஏறத்தாழ ஐம்பது நிமிடங்கள் அவர்கள் அந்த முற்றத்திலேயே நின்றனர். கடும் குளிர். வானொலி பேரலை எச்சரிக்கையை அறிவித்துக்கொண்டிருந்தது. சில பெற்றோர் விரைந்து வந்து தம் பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். ஏனையோர் காத்திருந்தனர். மலைக்கு ஏறலாம் என்று பிள்ளைகள் சிலரே கேட்டதாக உயிர் தப்பியவர்கள் பின்னர் எடுத்துரைத்தனர். மரங்கள் சாயக்கூடும், பாறை சரியக்கூடும் என்னும் அச்சம் பெரியவர்களைத் தடுத்தது. எங்கே செல்வது என்று முடிவாகாமல் நேரம் கழிந்தது.

கடைசியில் ஆற்றுப் பாலத்தருகே சற்று மேடான இடத்தை நோக்கிப் புறப்பட்டனர். அது ஆற்றின் பக்கமே. நடக்கத் தொடங்கிய ஓரிரு நிமிடங்களில், கடலிலிருந்து ஆற்றின் வழியே ஏறி வந்த அலை கரையை உடைத்துக்கொண்டு அவர்கள்மேல் பாய்ந்தது. பள்ளிக் கடிகாரம் 3 மணி 37 நிமிடத்தில் நின்றது. அப்பள்ளியில் பயின்ற 108 பிள்ளைகளுள் 74 பேர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். அங்கிருந்த 11 ஆசிரியர், அலுவலருள் 10 பேர் பிள்ளைகளோடு மடிந்தனர்.

நாம் முற்றத்தில் நின்று திரும்பிப் பார்த்தோம். பள்ளியின் பின்புறமே மலை! ஓடக்கூட வேண்டாம், சிறுபிள்ளை நடந்தால் சில நிமிடங்களில் அதன் சரிவில் ஏறிவிடலாம். நாமும் ஏறிப் பார்த்தோம். வயது முதிர்ந்த நமக்கே மூச்சு வாங்கவில்லை. அந்தச் சரிவிலேதான் பிள்ளைகள் பாடத்தின் பகுதியாக மரக்கட்டைகளில் காளான் வளர்த்தார்களாம். அவர்கள் கால்கள் நன்கு பழகிய மலை அது.

தாளில் எழுதாத இடம்

ஆசிரியர்கள் அன்பில்லாதவர்களா? இல்லை. அவர்களும் பிள்ளைகளோடு இறந்தார்கள். அப்படியானால் பிழை எங்கே நேர்ந்தது? பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் இந்தக் கேள்வியையே விடாமல் கேட்டனர். சேற்றில் இறங்கித் தேடினர். சிலர் மண் தோண்டும் இயந்திரத்தை ஓட்டக் கற்று உரிமம் பெற்றுத் தேடினர். அதே பிடிவாதத்தோடு உண்மையையும் தேடினர்.

தேடியபோது வெளிப்பட்டது ஒரு தாள். பேரிடர் நேர்ந்தால் பள்ளி என்ன செய்ய வேண்டும் என்னும் விதிகளைக் கொண்ட கையேட்டின் தாள் அது. முற்றத்திற்குப் பின் இரண்டாவதாகச் செல்ல வேண்டிய இடம் எது என்பதற்கு எதிரே, அருகிலுள்ள வெற்றிடம், பூங்கா முதலியன என்ற பொருளில் பொதுப்படையாக எழுதப்பட்டிருந்தது. இன்ன இடம் என்று ஒரு பெயரும் இல்லை. நகராட்சியின் அபாய வரைபடமோ பேரலை பள்ளிவரை வராது என்று காட்டியது. அப்பள்ளியையே ஊராருக்குப் புகலிடமாகவும் குறித்திருந்தது. ஆண்டுதோறும் அச்சாகிய தாள்தான். எவரும் அதனை மலையடிவாரத்தில் நின்று படித்துப் பார்க்கவில்லை.

உயிரிழந்த 23 பிள்ளைகளின் குடும்பத்தார், 19 குடும்பங்கள், நீதிமன்றம் சென்றனர். ஊரில் எல்லாரும் இதனை விரும்பவில்லை. வழக்கில் சேராத பெற்றோரே மிகுதி. 2016-இல் மாவட்ட நீதிமன்றம் அன்றைய நாளின் முடிவில் ஆசிரியர்கள் தவறினர் என்றது. 2018 ஏப்ரல் 26-இல் செண்டாய் உயர்நீதிமன்றம் அதற்கும் மேலே சென்றது. தவறு அன்றைய நாளில் மட்டும் நேர்ந்ததன்று; பள்ளித் தலைமையும் நகராட்சிக் கல்விக் குழுவும் 2010 ஏப்ரல் இறுதிக்குள் அந்தக் கையேட்டைத் திருத்தி, தக்க இடத்தையும் வழியையும் வகுத்திருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வரைபடத்தை அப்படியே நம்பாமல் பள்ளியின் இருப்பிடத்தை ஆராய்ந்திருக்க வேண்டும் என்றும் கூறியது. 2019 அக்டோபர் 10-இல் உச்சநீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளி அதனை உறுதி செய்தது. ஏறத்தாழ 143 கோடி யென் இழப்பீடு வழங்க ஆணை பிறந்தது. பணத்துக்காக எந்தத் தாயும் அங்கே நின்றிருக்க மாட்டாள். பிள்ளையைக் காக்கும் கடமை ஆபத்து வந்தபின் தொடங்குவதன்று, அமைதியான நாளிலேயே தொடங்குகிறது என்பதை அத்தீர்ப்பு நாட்டுக்கு உரைத்தது.

கட்டடத்தை இடிப்பதா, காப்பதா என்பதிலும் கருத்து வேறுபட்டது. அதனைக் காணும்போதெல்லாம் நெஞ்சு வெடிக்கிறது, இடித்துவிடுங்கள் என்றனர் சிலர். எங்கள் தோழர் வாழ்ந்த இடம், விட்டுவையுங்கள் என்று அப்பள்ளியில் பயின்று பிழைத்த இளையோர் வேண்டினர். இரண்டு பேச்சிலும் அன்பே இருந்தது. 2016-இல் நகராட்சி முழுக் கட்டடத்தையும் காப்பதென முடிவு செய்தது. 2018 மார்ச்சில் பள்ளி முறைப்படி மூடப்பட்டு, மற்றொரு பள்ளியோடு இணைக்கப்பட்டது. 2021 ஜூலையில் இடிபாடும், அருகே ஒரு நினைவுக்கூடமும் மக்களின் பார்வைக்குத் திறக்கப்பட்டன. பிள்ளைகளை இழந்த பெற்றோர் சிலரே வருவோரை அழைத்துச் சென்று நடந்ததை விளக்குகின்றனர். இறுதியில் அவர்கள் வருவோரை அந்த மலைச்சரிவில் ஏறிப் பார்க்கச் சொல்கின்றனர். அதுவே அவர்கள் ஊருக்கு எழுதும் மடல் போலும்.

வடக்கே இன்னொரு பள்ளி

இதே நாளில், இதே கடற்கரையின் வடக்கே, காமாயிஷி என்னும் ஊரில் வேறொன்று நடந்தது. உனோசுமாய் என்னுமிடத்தில் தொடக்கப்பள்ளியும் இடைநிலைப்பள்ளியும் அடுத்தடுத்து இருந்தன. நிலம் நடுங்கியதும் சிறுபிள்ளைகள் மூன்றாம் மாடிக்கு ஏற்றப்பட்டனர். அப்போது பக்கத்துப் பள்ளியின் மூத்த மாணவர்கள் மேட்டை நோக்கி ஓடுவதைக் கண்டு, அவர்களும் இறங்கி ஓடினர். பெரியவர்கள் சிறியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டனர். முதலில் நின்ற மேடு போதாதென்று இன்னும் உயர ஏறினர். அவர்கள் விட்டு வந்த கட்டடங்களை அலை மூழ்கடித்தது. பல ஆண்டுகளாகப் பாடத்திலும் பயிற்சியிலும் கற்றது அன்று அவர்களுக்கு உதவிற்று. அந்நகரில் ஏறத்தாழ 3,000 மாணவர்கள் உயிர் தப்பினர்.

அந்தக் கடலும் ஒன்றே, அந்த நாளும் ஒன்றே. அமைதியான நாட்களில் செய்து வைத்த ஆயத்தமே வேறு.

நம் பிள்ளைகளுக்காக

திரும்பும் வழியில் நம் ஊரே கண்முன் நின்றது. 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரையைப் பற்றி, 94 பிள்ளைகளை வாரிக்கொண்டதை மறந்தவர் உண்டோ? கூரையைத் தினமும் பார்த்தோம். குறுகிய படிக்கட்டையும் பார்த்தோம். பார்த்தும் கேட்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 26-இல் நாகப்பட்டினத்தையும் வேளாங்கண்ணியையும் ஆழிப்பேரலை தாக்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அது பள்ளி நாளாய் இருந்திருந்தால் என்று எண்ணவும் நெஞ்சு நடுங்குகிறது.

நம் பள்ளிகளிலும் அறிவிப்புகள் வருகின்றன. ஆண்டு விழா எந்நாள், விளையாட்டுப் போட்டி எந்நாள், தேர்வு எந்நாள், கட்டணம் கட்டக் கடைசி நாள் எது என்றெல்லாம் பிள்ளை கொண்டுவரும் நாட்குறிப்பில் எழுதியிருக்கும். ஆண்டு விழாவுக்குப் புத்தாடை தைக்க நமக்கு நேரம் இருக்கிறது. பெற்றோர் கூட்டத்திற்குச் செல்ல மட்டும் நேரம் கிடைப்பதில்லை! சென்றாலும் மதிப்பெண்ணைப் பற்றியே கேட்டுத் திரும்புகிறோம். அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராய் இருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வகுத்துள்ளது. நம் பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் உள்ளன. இவை பெயரளவில் நின்றுவிடலாகாது.

ஆகவே அடுத்த கூட்டத்திற்குச் செல்லும் ஒவ்வொரு தந்தையும் தாயும் பணிவோடு மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். தீயோ வெள்ளமோ வந்தால் எங்கள் பிள்ளைகள் எந்த இடத்திற்குச் செல்வார்கள்? அந்த வழியில் அவர்கள் ஒரு முறையேனும் நடந்து பார்த்திருக்கிறார்களா? நாங்கள் வந்து சேராவிட்டால் அவர்களை யாரிடம் ஒப்படைப்பீர்கள்? இந்தக் கேள்விகளால் ஆசிரியர் மனம் நோகத் தேவையில்லை. தனியே சுமக்கும் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ள வந்தவர்கள் என்றே அவர்கள் நம்மை வரவேற்பார்கள். விடை கிடைத்ததும், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வழியில் நாமும் ஒருமுறை நடந்து பார்ப்போம். அதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

ஓக்காவாவின் சிறுமலர்கள் இறைவனின் நிழலில் இளைப்பாறுவார்களாக. அவர்கள் ஏறாத மலையில் நம் பிள்ளைகள் ஏறட்டும்.