விற்கத் தண்ணீர் இல்லாதவர்கள்

தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் மர்ரே-டார்லிங் படுகை. அங்கே நிலம் வேறு, தண்ணீர் உரிமை வேறு. உரிமையை அடியோடு விற்கலாம். அந்தப் பருவத்து ஒதுக்கீட்டை மட்டும் விற்றுவிட்டு நிலத்தைத் தரிசாகவும் போடலாம்.

*

நெல்லுக்கு ஹெக்டேருக்குச் சுமார் 12 மெகாலிட்டர் வேண்டும். மெகாலிட்டர் என்பது 10 லட்சம் லிட்டர். அது 300 டாலருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். விதைக்காமலே ஹெக்டேருக்கு 3,600 டாலர் கைக்கு வரும். உரம், டீசல், அறுவடைச் செலவு எதுவும் கிடையாது. யார் விதைப்பார்கள்? பாதாம் தோப்புக்காரருக்கோ ஒரு வருடம் தண்ணீர் தவறினால் மரமே போய்விடும். விலை ஏறினாலும் வாங்கித்தான் ஆக வேண்டும். 2007-08 வறட்சியில் நெல் வயலின் தண்ணீர் இப்படித்தான் தோப்புகளுக்குப் போனது. நல்ல வருடத்தில் 10 லட்சம் டன்னைத் தாண்டும் நெல், அந்த வருடம் 20 ஆயிரம் டன்கூட இல்லை.

*

டிக்சன், ரிம்மர், விட்வர் மூவரும் 2011இல் எழுதிய கட்டுரை. ஆற்றுக்காக அரசு 1,500 ஜிகாலிட்டர் உரிமையை (நம் கணக்கில் சுமார் 53 டிஎம்சி) விலைக்கு வாங்கினால் என்ன ஆகும் என்று ‘டெர்ம்-எச்டூஓ’ என்ற பொருளாதார மாதிரியில் போட்டுப் பார்த்தார்கள். தெற்குப் படுகையின் பொருளாதாரம் சுருங்காது, சற்று வளரும் என்று விடை வந்தது. தண்ணீர் விலை ஏறுகிறது. அந்த லாபம் உரிமை வைத்திருக்கும் விவசாயிக்குப் போகிறது. நிலமும் உழைப்பும் மானாவாரிக்கு மாறுகின்றன. படுகை மக்கள் அஞ்சியதோ இதற்கு நேர்மாறு: 2010 அக்டோபரில்தான் கிரிஃபித் நகரில், ஆற்றுக்குத் தண்ணீரை மீட்கும் அரசின் படுகைத் திட்டத்துக்கான வழிகாட்டி நகல்களைக் கொளுத்தியிருந்தார்கள்.

கட்டுரையின் தர்க்கத்தை நான் நம்புகிறேன். ஆனால் அது தெற்குப் படுகை முழுவதற்குமான கூட்டுத்தொகை; ஒவ்வோர் ஊரின் கணக்கு அல்ல.

*

தெற்குப் படுகையில் உள்ள டெனிலிக்வின் ஊரின் அரிசி ஆலையை 2007 கடைசியில் மூடினார்கள், 2011இல்தான் திறந்தார்கள். காரணம் வறட்சி, அரசுக் கொள்முதல் அல்ல. ஆனாலும் பாடம் ஒன்றுதான். விவசாயிக்கு விற்கத் தண்ணீராவது இருந்தது. ஆலைத் தொழிலாளிக்கும் நெல் ஏற்றும் லாரிக்காரருக்கும் என்ன இருந்தது? உரிமையை விற்றவர் பணத்தோடு கடலோர நகரத்துக்குக் குடிபோனால் கடைத்தெருவுக்கும் அந்தப் பணம் இல்லை.

*

வடக்குப் படுகையில் டிரன்பாண்டி போன்ற சிற்றூர்களைத் தனித்தனியே ஆராய்ந்தார்கள். அதன் பிறகு அங்கே ஆற்றுக்கு மீட்க வேண்டிய தண்ணீரின் இலக்கு 390 ஜிகாலிட்டரிலிருந்து 320 ஆனது. ஊரளவில் பார்த்தால் முடிவே மாறுகிறது.

அரசின் தண்ணீர்க் கொள்முதலுக்கு 2015இல் வைத்த 1,500 ஜிகாலிட்டர் உச்சவரம்பை 2023இல் நீக்கிவிட்டார்கள். ஆற்றுக்குத் தண்ணீர் வேண்டும், வாங்கட்டும். கணக்குப் போடுபவர்கள் ஆலை ஊர்களைத் தனி வரிசையில் காட்ட வேண்டும்.