பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் ஒரு நட்சத்திர ஓட்டல்



நம் பள்ளியின் பழைய ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நிறையப் பேர் போனில் வருத்தப்பட்டீர்கள். சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பார்த்த ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அங்கே சிட்டி ஹால் ரயில் நிலையத்தை ஒட்டி சுவிசோட்டல் ஸ்டாம்ஃபோர்டு என்ற ஓட்டல் நிற்கிறது. 73 மாடி, 226 மீட்டர் உயரம். 1986-இல் திறந்தபோது உலகிலேயே உயரமான ஓட்டல் அதுதான். வடிவமைத்தவர் ஐ. எம். பெய், பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பிரமிடும் அவர் செய்ததே. சுற்றிலும் கடைகளும் அலுவலகங்களுமாக எந்நேரமும் கூட்டம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது.

அந்த இடத்தில் முன்பு இருந்தது ஒரு பள்ளிக்கூடம்! 1823-இல் ராஃபிள்ஸ் அடிக்கல் நாட்டிய ராஃபிள்ஸ் இன்ஸ்டிடியூஷன். லீ குவான் யூ படித்த பள்ளி. யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரான எஸ். ராஜரத்தினமும் அங்கே படித்தவர்தான். 1972-இல் பள்ளி வேறு இடத்துக்குப் போனது. பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள். ஆனால் பள்ளி நிற்கவில்லை. இன்று பீஷானில் பெரிய வளாகத்தில், அதே பெயரில், நாட்டின் முன்னணிப் பள்ளிகளில் ஒன்றாக நடக்கிறது. பிள்ளைகள் இருந்தார்கள், அதனால் பள்ளியும் இருந்தது.

நம் பள்ளியின் நிலை வேறு. புதுக் கட்டடம் வரும். ஆனால் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இன்று வருகைப் பதிவேட்டில் இருப்பது 14 பெயர்கள்தான். நான் ஓய்வு பெற்ற ஆண்டில் 62 பேர் இருந்தார்கள். தனியார் பள்ளி வேன் வீட்டு வாசலுக்கே வருகிறது. வேலைக்குப் போகும் பெற்றோரைக் குறை சொல்லி என்ன பயன்?

பழைய கட்டடத்தின் நினைவாக வளைவு கட்டலாம் என்று குழுவில் பணம் சேர்க்கிறீர்கள். உங்கள் அன்பு புரிகிறது. அந்தப் பணத்தில் காலனியிலிருந்து பிள்ளைகளை அழைத்து வர ஓர் ஆட்டோ பேசிவிடுங்கள். ஜூன் மாதச் சேர்க்கைக்கு முன்பே பேசினால் நல்லது. முதல் மாத வாடகையை என் ஓய்வூதியத்திலிருந்து நான் தருகிறேன். வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பேசவும் வருகிறேன். உள்ளூரில் இருப்பவர்கள் யார் யார் என்னுடன் வருவீர்கள் என்று கீழே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்