கிடை போகும் வழியில் சிக்னல்

தை பிறந்தால் திருமானூர் வட்டாரக் கொள்ளிடக்கரை வயல்களில் கதிர் அறுக்கும் இயந்திரங்கள் இறங்கிவிடும். அவை கிளம்பிய கையோடு ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து செம்மறிக் கிடைகள் வந்து சேரும். அரியலூர், செந்துறை என்று நகர்ந்து, மக்காச்சோளமும் பருத்தியும் முடிந்த குன்னம், வேப்பந்தட்டைக் கரிசல் வரை போகும் கிடைகளும் உண்டு. இயந்திரக்காரர்களுக்கு லாரியே வீடு. கீதாரிகளுக்குக் குட்டிகளும் பானையும் ஏற்றிய மினி லாரி. இன்றைக்கு எங்கே தங்கல், நாளைக்கு யார் வயல் என்பதெல்லாம் போனில்தான் முடிவாகிறது.

வேப்பந்தட்டைப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "கிடைக்காரரைக் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே வருகிறது. அவர்கள் எந்த சிம் வைத்துக்கொண்டால் நல்லது?" சின்னக் கேள்வியாகத் தெரியலாம். ஒரு அழைப்பு தவறினால் கீதாரிக்கு ஒரு ராத்திரிக் கிடைக்கூலி போச்சு, விவசாயிக்கு அந்த வருஷத்து ஆட்டெரு போச்சு.

எல்லா ஊருக்கும் பொருந்துகிற சிம் என்று ஒன்று கிடையாது. பெரம்பலூர் நெடுஞ்சாலை ஓரத்தில் எந்தக் கம்பெனியும் எடுக்கும். மேற்கே பச்சைமலை அடிவாரத்துக்குப் போனால், கோபுரத்துக்கும் நமக்கும் நடுவில் மலை நின்றுவிடுகிறது. ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் முந்திரிக் காட்டுக்குள் அடர்ந்த தழை அலையைக் குறைக்கும். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் எடுத்த பள்ளங்களை ஒட்டி மேய்க்கிறவர்கள் மேட்டில் ஏறி நின்றுதான் பேசுகிறார்கள். 700, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறைந்த அலைவரிசை தூரம் போகும். 2300 வேகம் தரும், ஆனால் எட்டாது. மேய்ச்சலுக்கு வேகம் எதற்கு?

ஆகவே இரண்டு சிம் போடுகிற போனில், இரண்டு வெவ்வேறு கம்பெனி சிம் வைப்பதே சரி. தம்பிக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று என்று ஒரே கம்பெனியில் வாங்குவதில் பயனில்லை. ஒன்று செத்தால் இரண்டும் சாகும். கம்பெனிகள் தங்கள் சேவை எங்கெங்கே உள்ளது என்ற வரைபடத்தை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது டிராய் விதி. படித்த பிள்ளைகளிடம் சொல்லிப் போகும் வழியைப் பார்த்துக்கொள்ளலாம். என்றாலும், வயல்காரரிடம் "உங்க கொல்லையில எது எடுக்குது?" என்று கேட்பதை நான் அதிகம் நம்புவேன்.

பட்டன் போன் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜியோவுக்கு 2ஜி சேவை இல்லை. பழைய 2ஜி பட்டன் போனில் அந்த சிம் வேலை செய்யாது, 4ஜி பட்டன் போன் வேண்டும். இன்டர்நெட் தேவைப்படாதவர்களுக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டத்தைக் கம்பெனிகள் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார், நாம்தான் கேட்க வேண்டும். வீடியோ பார்க்கிற இளவட்டத்தின் போனில் மட்டும் டேட்டா போட்டால் போதும்.

கம்பெனி மாற நினைத்தால் நம்பரை மாற்றாதீர்கள். பல வருஷமாக வயல்காரர்கள் குறித்து வைத்திருக்கும் நம்பர் அது. ஆங்கிலத்தில் போர்ட் என்று அடித்து, ஓர் இடம் விட்டு, உங்கள் நம்பரையும் சேர்த்து 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அதோடு ஆதாரைக் கொண்டுபோய்ப் புதுக் கம்பெனிக் கடையில் கொடுக்க வேண்டும். இப்போதுள்ள கம்பெனியில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும். பாக்கிப் பணம் கூட வராது. எனவே ரீசார்ஜ் முடியும் தறுவாயில் மாறுங்கள்.

சார்ஜ் இன்னொரு பாடு. மினி லாரி பேட்டரியிலோ, சிறிய சோலார் தகட்டிலோ போட்டுக்கொள்கிறார்கள். டீக்கடையில் கொடுத்துவிட்டு மேய்க்கப் போவது மட்டும் வேண்டாம். பகலில்தான் ஆபத்து வரும். மறுதாம்புச் சோளத் துளிரை மேய்ந்து ஆடு மூச்சு வாங்கி விழுந்தால், கையில் இருப்பது நிமிடக் கணக்குதான். நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கு 1962. நம் கம்பெனி சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு எந்தக் கம்பெனி அலை அங்கே இருந்தாலும் 112 போகும். ஆனால் அது மனிதருக்கான அவசர எண். ஆட்டுக்கு 1962 கிடைக்கிற மேடு எது என்று, கிடை இறக்கிய அன்றைக்கே நடந்து பார்த்துக்கொள்ளுங்கள்.